பாரிசவாத மருந்தும் மணிக்கூடும்

ஈச்சிலம்பற்றில் ஒருவர் இரவு 10 மணிக்குச் சுகமாகப் படுக்கிறார். விடிய 5 மணிக்கு எழும்பினால் வலக்கையைத் தூக்க முடியவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. இவரை எத்தனை மணிக்குப் பாரிசவாதம் (பக்கவாதம்) பிடித்தது? வைத்தியரின் கணக்கு இரவு 10 மணியிலிருந்து தொடங்கும். ஆனால் 4 மணிக்கு அவர் வெளியே போய்வந்ததையும், நன்றாகக் கதைத்ததையும் மனைவி கண்டிருந்தால் கணக்கு 4 மணிக்கு வந்துவிடும். கூடப் போகிறவர் சொல்லவேண்டிய முதல் தகவல் இந்த நேரம்தான்.

மூளைக்குப் போகும் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் ஊசியை, நோயாளி கடைசியாகச் சுகமாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், எவருக்கும் 90 மில்லிகிராமுக்கு மேல் இல்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 54 மில்லிகிராம். அதில் பத்திலொரு பங்கான 5.4 மில்லிகிராமை ஒரு நிமிடத்தில் ஊசியாகப் போட்டு, மிச்சத்தை ஒரு மணித்தியாலம் சொட்டுச்சொட்டாக ஏற்றுவார்கள். பிரஷர் 185/110க்கு மேல் நின்றால் முதலில் அதைக் குறைக்கவேண்டும். நேரம் பிந்தப் பிந்த, இரத்தம் கிடைக்காத மூளைப் பகுதி இறந்து, அங்குள்ள குழாய்ச் சுவரும் நைந்துபோகும். அதற்குப் பிறகு அடைப்பைத் திறந்தால் அந்த இடத்தில் இரத்தம் கசியும். நேர எல்லை வைத்ததற்குக் காரணம் இதுதான். எல்லை தாண்டியவருக்கும் விசேட ஸ்கேன் பார்த்துச் சிகிச்சை முடிவு செய்யும் வழிகள் உண்டு. ஆகவே பிந்திவிட்டது என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

பாரிசவாதம் எல்லாமே அடைப்பால் வருவதில்லை. சிலருக்கு மூளைக்குள் குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்துக் காட்டுவது சி.ரி. ஸ்கேன். அதனால் வீட்டில் அஸ்பிரின் கரைத்துக் கொடுப்பது ஆபத்து. கசிவாக இருந்தால் அது கூடும். விழுங்கமுடியாதவருக்குத் தண்ணீர் சுவாசப்பைக்குள் போய்விடும். வாயில் எதையும் கொடுக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மூதூர்ப் பக்கத்தார் திருகோணமலைக்குப் போக முன்பு பெரும்பாலும் துறையையும் படகையும் நம்பியிருந்தார்கள். 2009இல் கிண்ணியாப் பாலமும் பின்னர் வழியிலுள்ள மற்றப் பாலங்களும் திறந்த பிறகு நேரான தரைவழி இருக்கிறது. கைவைத்தியம் பார்க்கலாமா, பரியாரியிடம் போகலாமா என்று வீட்டில் யோசிப்பதில்தான் நேரம் போகிறது.

அடைப்பு என்று தெரிந்தபின் திரும்ப வராமலிருக்கக் கொடுப்பது பெரும்பாலும் அஸ்பிரின், நாளொன்றுக்கு 75 முதல் 100 மில்லிகிராம். இது, இரத்தம் உறைய உதவும் சிறு கலங்களான இரத்தத் தட்டுக்களை ஒட்டவைக்கும் நொதியை நிரந்தரமாகப் பூட்டிவிடும். தட்டுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்யாது. எட்டுப் பத்து நாளில் அது சாகும்வரை பூட்டு அப்படியே இருக்கும். சிறிய பாரிசவாதமென்றால் தட்டுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோகிரெலையும் சேர்த்து 21 நாள் கொடுப்பது வழக்கம். அதற்குமேல் இரண்டையும் சேர்த்துக் குடித்தால் நன்மையைவிட இரத்தக்கசிவே கூடும். பிரஷர் குளிசை அடைப்பு, கசிவு இரண்டையும் தடுக்கும். தலையிடி இல்லை என்பதற்காக அதை நிறுத்துவது பெரிய பிழை.

மிகக் கவனமாகக் கையாளவேண்டியது, இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்பரின் குளிசை. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாத சிலருக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இது தேவைப்படும். ஈரல் வைட்டமின் கே கொண்டு உறைதற் புரதங்களைச் செய்வதை இது தடுக்கிறது. ஏற்கெனவே இரத்தத்தில் ஓடும் புரதத்தை அது தொடாது. அவை தேய்ந்து குறையவேண்டும். இன்றைக்குக் குடித்த குளிசையின் பலன், இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையில் தெரிய இரண்டு மூன்று நாளாகும். பலருக்கும் இலக்கு 2க்கும் 3க்கும் இடையில். உலோக வால்வென்றால் சிலருக்குக் கூட வைப்பார்கள்.

வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை எல்லாவற்றிலும் வைட்டமின் கே நிறைய உண்டு. அவற்றை விடத்தேவையில்லை, வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். நோன்பு மாதத்தில் சாப்பாடு மாறுவதால் கிண்ணியா, மூதூர்க்காரர் அந்த மாதத்தில் ஒருதரம் கூடுதலாக இரத்தம் சோதிப்பது நல்லது. வயிற்றோட்டத்துக்கு மெட்ரோனிடசோல் எழுதினால், வார்பரின் குடிப்பதை அந்த வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள், ஐ.என்.ஆர். சில நாளிலேயே ஏறிவிடும். மூட்டுவலிக்கு டைக்லோபெனக்கைக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. மலம் தார்போலக் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வார்பரினை இரவு குடிக்க மறந்து படுக்கமுன் ஞாபகம் வந்தால் குடிக்கலாம். மறுநாள் விடிந்தபின் ஞாபகம் வந்தால் அதை விட்டுவிடுங்கள், அன்றிரவு இரண்டாகக் குடிக்கவேண்டாம். விடுபட்ட திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். அது தெரியாவிட்டால், குறைந்திருக்கும் ஐ.என்.ஆரைக் கண்டு வைத்தியர் மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார்.