கிராம சபையா, ஊர்மன்றமா?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடுவது ஊராட்சி மன்றக் கூட்டம், அது வேறு. முன்பு கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாள் கூடியது. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்தார்கள்.

எங்கள் நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகளில் குடியிருப்பவர்களுக்கு இப்படி உட்கார்ந்து கேட்க இடமே இல்லாமல் இருந்தது. 2010-லேயே சட்டத்தைத் திருத்தியும், விதிகள் வர 2022 ஆகிவிட்டது. அப்படி வந்ததுதான், நகர வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் ஏரியா சபை.

சரி, சொல்லுக்கு வருவோம். 'சபை' வடசொல். சோழர் கல்வெட்டுகளில் பிரமதேய ஊர்களின், அதாவது பிராமணருக்குக் கொடையாகத் தந்த ஊர்களின், அவைதான் சபை. மற்ற வேளாண் ஊர்களில் கூடியதற்கு 'ஊர்' என்றே பெயர். எல்லோரும் வரலாம் என்கிற கூட்டத்துக்கு நான் 'ஊர்மன்றம்' என்பேன், ஏரியா சபைக்குப் 'பகுதிமன்றம்'.

மன்று, மன்றம் என்றால் முதலில் கட்டடம் இல்லை. ஊர் நடுவே மரத்தடி வெளி. மாடு அடையும் தொழுவுக்கும் அதே பெயர். மலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தோடர் குடியிருப்பை 'மந்து' என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். நாம் 'ஒன்று' என்பதைப் படகர் 'ஒந்து' என்பார்கள். மன்று மந்தானதும் அப்படித்தான். (படகரின் 'ஹட்டி'யும் நம் 'பட்டி'தான். அதுவும் மாடு அடைக்கும் இடமே.) உதகையில் தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள மந்துக்குப் போய்ப் பாருங்கள். பழைய வீட்டின் வாசலில் தவழ்ந்துதான் நுழைய முடியும். வாசலுக்கு முன்னால் இருக்கும் புல்வெளிக்கோ கதவே கிடையாது.

இன்று நகர்மன்றம், சட்டமன்றம் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டும் அமரும் அவைகளுக்கு இந்தச் சொல் போய்விட்டது. அதனால்தான் முன்னால் 'ஊர்' சேர்க்கச் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஓர் அக்டோபர் 2. மழை என்று கூட்டத்தை ஒரு சின்ன அறைக்குள் வைத்தார்கள். பாதிப் பேர் குடையோடு வெளியில் நின்றோம். உள்ளே வரவு செலவு வாசித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. கையெழுத்து நோட்டு மட்டும் வெளியே வந்தது. எனக்கு முன்னால் நின்ற பாட்டி, "என்ன படிச்சாங்கன்னு சொல்லுங்க, அப்புறம் போடறேன்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.