சொல் விளக்கம்: தத்தெடுப்பு

'தத்து' வடமொழியின் 'தத்த' என்பதிலிருந்து வந்தது. கொடுக்கப்பட்டது என்று பொருள். தத்துப்பிள்ளை என்றால் பெற்றவர்கள் மனமறிந்து கொடுத்த பிள்ளை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டமும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஹோமம் வளர்க்காவிட்டால் பரவாயில்லை. ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தத்து செல்லாது. முறைப்படி நடந்த தத்தை அப்புறம் ரத்து செய்யவும் முடியாது. பெரியவர்கள் சொல்லும் 'சுவீகாரம்' இன்னும் அழுத்தமானது: தனதாக்கிக்கொள்வது.

இவ்வளவு கனமான சொல்லைத்தான் விலங்குகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஒரு விலங்கின் பராமரிப்புச் செலவைக் கொஞ்ச காலத்துக்கு ஏற்றுக்கொள்பவர் 'தத்தெடுத்தவர்'. 2018இல் நடிகர் சிவகார்த்திகேயன் அனு என்ற வெள்ளைப்புலியைத் தத்தெடுத்ததாகச் செய்தி வந்தது. நல்ல காரியம். ஆனால் புலி இருந்த இடத்திலேயேதான் இருந்தது. கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை.

ஆங்கிலத்தின் 'அடாப்ட்' லத்தீனிலிருந்து வந்தது. விரும்பித் தேர்ந்துகொள்வது என்பது அதன் வேர்ப்பொருள். படங்களைப் பார்த்து ஒரு பனிச்சிறுத்தையையோ கடலாமையையோ தேர்ந்தெடுத்துப் பணம் அனுப்புகிற ஏற்பாட்டுக்கு அந்தச் சொல் பொருந்திவிடுகிறது. தமிழுக்கு வந்தபோது தேர்வு போய், இல்லாத ஒரு கைமாற்றம் உள்ளே புகுந்துவிட்டது.

கென்யாவின் நைரோபியில், தாயை இழந்த யானைக்கன்றுகளைக் காப்பாற்றும் ஷெல்ட்ரிக் வனவிலங்கு அறக்கட்டளை 1977இல் தொடங்கியது. அவர்கள் நெடுநாள் 'அடாப்ட்' என்பதைவிட 'ஃபாஸ்டர்' என்ற சொல்லையே பயன்படுத்திவந்தார்கள். பழைய ஆங்கிலத்தில் அதன் வேருக்கு உணவு என்று பொருள். அங்கே நடப்பதும் அதுதான். கன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும், புட்டிப்பால். பசும்பால் யானைக்கன்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பல கன்றுகளைப் பறிகொடுத்து, பல ஆண்டுகள் முயன்று, தேங்காய் எண்ணெய் சேர்ந்த ஒரு பால்கலவை பொருந்துவதை அறக்கட்டளையைத் தொடங்கிய டாஃப்னி ஷெல்ட்ரிக் கண்டுபிடித்தார். பால் கொடுக்கும்போது ஒரு கம்பளியைத் தொங்கவிடுவார்கள். கன்று அதில் துதிக்கையை அழுத்திக்கொண்டு குடிக்கும். தாயின் உடம்பில் சாய்ந்திருப்பதுபோல அதற்கு இருக்குமாம். இரவில் பராமரிப்பாளர் கொட்டிலிலேயே கூடப் படுத்துக்கொள்வார். தூரத்து ஊர்களில் இருந்துகொண்டு ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறவர்களால் இதெல்லாம் நடக்கிறது. ஓரளவு வளர்ந்து தேறிய கன்றுகளைச் 'சாவோ' என்ற காட்டுப் பகுதிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே காட்டு யானைகளோடு பழகிப் பழகி, ஒருநாள் அது திரும்பி வராமல் போய்விட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும். தனதாக்கிக்கொள்வதற்கு நேர் எதிர்.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'வளர்ப்பு' என்றால் நாய், பூனை ஞாபகம் வரும். நம் நாட்டில் பச்சைக்கிளியைக்கூட வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, ஆகவே அந்தக் குழப்பம் வேண்டாம். 'ஆதரவு' சரிதான், ஆனால் யாருக்கும் எதற்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது 'புரத்தல்'. காப்பது, பேணுவது என்று பொருள். புலவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்துக் காத்தவன் புரவலன். குளிரில் நடுங்கியதாக நினைத்து மயிலுக்குப் போர்வை போர்த்திய பேகனும் புரவலன்தான். மயிலை அவன் அரண்மனைக்குத் தூக்கிப்போகவில்லை. இதன் பெயர்ச்சொல் 'புரவு'. சோழர் கல்வெட்டுகளில் 'புரவுவரி' என்று நிலவரிக் கணக்கில் இந்தச் சொல் வருவதைச் சிலர் எடுத்துக்காட்டலாம். உண்மைதான். ஆனால் காத்தல், கொடை என்ற பொருள்களும் அகராதியில் அதற்கு உண்டு.

'விலங்குப் புரவுத் திட்டம்' என்று சொல்லிப் பார்க்கிறேன், வாய்க்கு இடறவில்லை. 'இந்த ஆண்டு ஒரு யானைக்கன்றைப் புரக்கிறோம்' என்று எழுதலாம். சான்றிதழில் 'தத்தெடுத்தவர்' என்றிருக்கும் இடத்தில் 'புரவலர்' என்று அச்சடிக்கலாம். கீழே கன்றின் பெயர் இருக்கட்டும், அது பிழைத்துக் காட்டுக்குப் போகும்வரை.