அண்டாவைக் கரித்துணி இல்லாமல் தூக்குகிறவர்

உணர்வு செத்த கையோடு போன வாரமும் ஒருவர் வந்தார். இந்த வருடத்தில் இது நான்காவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணச் சமையல்காரர், எங்கள் பக்கம் தவசுப்பிள்ளை என்போம். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களில் முப்பது வருடமாகச் சாம்பார் வைத்த கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிவிட்டன, நிமிர்த்த ஏதாவது பயிற்சி சொல்லுங்கள் என்று மகன் அழைத்து வந்திருந்தார். நான் பிசியோதெரபிஸ்ட். மடங்கின விரல் என்னிடம்தான் வரும், எல்லாம் முடிந்த பிறகு.

உள்ளங்கையைத் திருப்பச் சொன்னேன். சுண்டுவிரல் அடியில் ஒரு கொப்புளம் உடைந்து, அதன்மேல் கரி ஒட்டியிருந்தது.

"இது எப்பங்கய்யா சுட்டுது?"

அவர் குனிந்து பார்த்தார். "அட, ஆமா. எப்ப?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மகன் பெருமையோடு சொன்னார்: "அப்பா அண்டாவையே கரித்துணி இல்லாம இறக்கிடுவாரு மேடம். கை அப்படிக் காய்ச்சுப்போச்சு."

இந்தக் "காய்ச்சுப்போச்சு" இருக்கிறதே, இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காய்த்த கை வேறு, உணர்வு செத்த கை வேறு. மண்வெட்டி பிடித்துப் பிடித்து உள்ளங்கை மரக்கட்டையானவரைக் கொள்ளிக்கட்டையைத் தொடச் சொல்லுங்கள், வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். தோல் தடித்தால் சூடு உறைக்கக் கொஞ்சம் நேரமாகலாம், உறைக்காமலே போகாது. கொப்புளம் வந்ததே தெரியவில்லை என்றால் அது பழக்கமும் இல்லை, திடமும் இல்லை. வெறுங்காலோடு வரப்பில் நடந்து, சீமைக்கருவேல முள் பாதத்தில் ஒடிந்து கிடப்பதை மூன்றாம் நாள் மனைவி சொல்லித் தெரிந்துகொள்கிறவரை ஊரே "கெட்டி உடம்பு" என்று மெச்சுகிறது. வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்கிறார்கள். வலிக்கவில்லை என்பதுதானய்யா நோய்!

சட்டையை மடிக்கச் சொன்னேன். முன்கையில் வெளிறிய படை ஒன்று. தேமல் என்று எட்டு வருடமாகக் களிம்பு. கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். படைக்கு வெளியே சரியாகக் காட்டினார். படைக்குள் நாலு முறை தொட்டேன். "ஆரம்பிங்க மேடம்" என்றார். முழங்கையில் இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு சணல் கயிறு கணக்காகத் தடித்திருந்தது.

தொழுநோய். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும் அதையே உறுதிசெய்தார்.

இதற்கிடையில் அவருக்கு "நரம்பு ஊசி" பத்துக்கு மேல் போட்டாகிவிட்டது. நரம்பு என்றால் கரண்டுக் கம்பி, கரண்டு குறைந்தால் வைட்டமின் ஏற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. கம்பியைச் சுற்றியிருப்பதை யாரும் சட்டை செய்வதில்லை. விஞ்ஞானமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. நரம்புச் செல்களை அணைத்துக்கிடக்கும் செல்களுக்கு 1856ல் வைத்த பெயரே கிளியா. பசை என்று அர்த்தம்.

அந்த நினைப்பை ஆட்டிப் பார்த்ததில் ஒரு நூற்புழுவுக்கும் பங்குண்டு. வாழை போடுகிறவர்களுக்கு நூற்புழு என்றாலே ஆகாது. இது அதன் சாதுவான பங்காளி, சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். அழுகலில் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நரம்புச் செல் 302, கிளியா 56. ஆய்வாளர்கள் இமைமுடியைப் பல்குச்சியில் ஒட்டி, அதனால் புழுவைத் தொட்டுப் பார்ப்பார்கள். மூக்கு நுனியில் நரம்பு முனைகளைப் பொதிந்திருக்கும் கிளியாவை அழித்தால் நரம்பு சாவதில்லை. ஆனால் உணரும் வேலை கெடுகிறது. மூக்கைத் தொட்டால் அந்தக் கிளியாவுக்குள்ளேயே கால்சியம் ஏறுகிறது. அதில் குளோரைடு போய்வரும் வாசல் ஒன்று பழுதானால் புழுவுக்குத் தொடுவுணர்வு மங்குகிறது. பசை என்று நினைத்தது தொட்டதை அறிகிறது! 2019ல் எலித் தோலிலும் குத்தலை உணரும் சுவான் செல்களைக் கண்டார்கள். நம் கை, கால் நரம்புகளைச் சுற்றியிருக்கும் இந்தச் சுவான் செல்லும் கிளியா வகைதான். புழுவின் கணக்கை மனிதக் கைக்கு அப்படியே போட முடியாது என்பது வேறு. ஆனால் 1873ல் நார்வே டாக்டர் ஹான்சன் கண்ட தொழுநோய்க் கிருமி நம் உடம்பில் விரும்பிக் குடியேறுவது இதே சுவான் செல்லுக்குள்தான். அங்கே உட்கார்ந்திருக்கும் கிருமியை வைட்டமின் ஊசி என்ன செய்யும்?

கிருமியை அழிக்க மாத்திரை இருக்கிறது. ரிஃபாம்பிசின், டாப்சோன், கிளோஃபாசிமின். படைகள் ஐந்து வரை என்றால் 6 மாதம், அதற்கு மேல் என்றால் ஒரு வருடம். அரசு சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. மாத்திரையில் தோல் கறுக்கும், பயந்து நிறுத்தாதீர்கள். மாத்திரை தொடங்கினால் சீக்கிரமே பிறருக்குப் பரவாது. தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கிவைக்கும் கூத்து வேண்டாம். நடுவில் நரம்பு வலித்தாலோ, படை சிவந்து வீங்கினாலோ அன்றைக்கே ஓடுங்கள். அப்போது தாமதித்தால் கை போய்விடும். பல மாதங்கள் செத்துக்கிடந்த உணர்வை மாத்திரையும் மீட்காது, என் பயிற்சியும் மீட்காது. மரத்த பாதம் உள்ளவர்கள், சர்க்கரையால் மரத்தவர்களும்தான், தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வையுங்கள். சேற்றில் செருப்பு நிற்காது என்று எனக்கும் தெரியும். கரையேறியதும் கழுவிப் பார்க்கலாமே. அப்புறம், தேமல் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஒரு பேனா போதும், ஒரு நிமிடம் போதும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கெஞ்சியாவது செய்து பாருங்கள்.

தவசுப்பிள்ளைக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. கரித்துணியை இடுப்பிலேயே செருகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முகூர்த்தத்துக்கு இறக்கும் வேலை மகனுக்கு. வீட்டில் இருப்பவர்களையும் பார்த்து, நோய் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பார்கள். அதற்கு வரச் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமில்ல மேடம், ஒரு தேமல் மட்டும்தான்" என்கிறார் மகன்.