40 நாட்டுக்கோழிக் குஞ்சுத் திட்டம்: மனு எழுதும் முன் 3,200 ரூபாயை எண்ணி வையுங்கள்

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் இறந்து ஆறு வருடம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, நாலு கத்திரிச் செடி, இரண்டு பெட்டைக்கோழி. "கோழிக்குஞ்சு இலவசமா குடுக்கறாங்களாம் தம்பி, ஒரு மனு எழுதிக் குடு" என்று வந்தார். எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் பெயரும் வந்தது. அப்புறம்தான் கால்நடை மருந்தகத்தில் சொன்னார்கள்: "குஞ்சை நீங்களே காசு குடுத்து வாங்கணும்மா. ரசீது கொண்டாந்தா பாதி வரும்." மஞ்சப்பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பியவர் என்னைத்தான் திட்டினார். நியாயம்தான். அறிவிப்பைக் கடைசி வரி வரை நான் படிக்கவில்லை.

திட்டம் தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறையுடையது. கிராமப்புறத்தில் கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள் ஆகியோருக்கு மட்டும். 4 வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள், பாதி விலை மானியம். 2024-25 அறிவிப்புப்படி ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கு 100 பேர். அதில் 30 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினர். விலை 3,200 ரூபாய், மானியம் 1,600. பின்னணி இவ்வளவு போதும்.

ஆதரவற்றவர் என்பதற்குச் சான்று கேட்கும் அதே அறிவிப்பில்தான், சொந்தச் செலவில் 3,200 ரூபாய்க்குக் குஞ்சு வாங்கும் வசதி உள்ளவராக இருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் இரண்டு வரியையும் சேர்த்து ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்கலாம். விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டில்தான் மாதம் 1,200 ஆனது. அந்தக் கணக்கில் இரண்டரை மாதப் பணத்துக்கும் மேலே முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். மானியம் எப்போது வரும் என்று தேதி போட்டுச் சொல்பவர் யாரும் இல்லை. ஆகவே தண்டலுக்கோ வாரக் கடனுக்கோ வாங்கிக் குஞ்சு பிடிக்காதீர்கள். வரப்போகும் 1,600-ஐ வட்டியே தின்றுவிடும். மகளிர் குழுவில் இருந்தால் உள்கடன் கேளுங்கள். எங்கள் அக்கா அப்படித்தான் சமாளித்தார்.

அடுத்தது ரசீது. சந்தையில் கூடைக்காரரிடம் பேரம் பேசினால் விலை குறையும், குஞ்சும் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அவர் பில் தரமாட்டார். பில் இல்லையென்றால் மானியம் இல்லை, அவ்வளவுதான். பட்டியலில் பெயர் வந்ததும் எந்தப் பண்ணையில் வாங்கினால் ரசீது செல்லும் என்று கால்நடை உதவி மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். ரசீதில் உங்கள் பெயர் மனுவில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தேதி, 40 என்ற எண்ணிக்கை, 4 வார வயது, தொகை எல்லாம் இருக்கிறதா என்று பண்ணையிலேயே நின்று பாருங்கள். தேர்வானதாகச் சொல்லும் முன்பே அவசரப்பட்டு வாங்கவும் வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். அறிவிப்பு வந்தால் மனு கொடுக்கச் சில நாள்தான் அவகாசம். சான்று கையில் வரச் சில வாரம் ஆகும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு இ-சேவை மையத்துக்கு ஓடினால் ரயில் போன பிறகு டிக்கெட் எடுத்த கதைதான். விதவைச் சான்று, கணவரால் கைவிடப்பட்டவர் சான்று இரண்டையும் இ-சேவையில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். 60-க்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் குரல் தானாக இறங்கும். கணவரின் இறப்பையே பதிவு செய்யாமல் விட்டவர்கள் இன்றே தொடங்குங்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும்.

கைவிடப்பட்டவர்களின் பாடு இதைவிட மோசம். செத்தவருக்குச் சான்று உண்டு, ஓடிப்போனவருக்கு ஏது? ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் என்று இன்னும் அவர் பெயர்தான் இருக்கும். அதைக் காட்டி, "புருஷன் இருக்காரேம்மா" என்று ஓர் அலுவலகத்தில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் புருஷன் ஓடிப்போய்ப் பத்து வருடம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்த சீட்டு, ஜீவனாம்ச வழக்குத் தாள், உதவித்தொகை ஆணை, எது இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். ரேஷன் அட்டையில் பெயர் நீக்கும் வேலையைத் தனியாக முடித்துவிடுங்கள்.

முன்பு பயன்பெற்றவர் என்ற தடை ஒன்றும் உண்டு. விலையில்லா கறவைப் பசு, வெள்ளாடு, செம்மறியாடு, கோழிப்பண்ணைத் திட்டம் எதிலாவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் கிடையாது. 2011-இல் தொடங்கிய ஆடு திட்டத்தில் வாங்கிய ஆடு செத்து மண்ணாகியிருக்கலாம். பதிவேட்டில் பெயர் சாகாது. மறைத்து எழுதாதீர்கள். அதேபோல, பெயரில்லாமலே "நீ வாங்கிட்டே" என்று சொன்னால், பதிவேட்டில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பெயரில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

மனுவை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கொடுக்க வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், அப்புறம் மருத்துவர் சினை ஊசி, சிகிச்சை என்று கிளம்பிவிடுவார். ஒற்றை ஆளாக நாலு ஊரைப் பார்க்கும் அவர்மேல் கோபப்பட்டு லாபமில்லை. ஆனால் இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள். "வச்சுட்டுப் போங்க" என்பது பதில் ஆகாது. வாங்க மறுத்தால் அதே மனுவை ஸ்பீடு போஸ்டில் கால்நடை பராமரிப்புத் துறை உதவி இயக்குநருக்கு அனுப்பி அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பணம் இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, முதல்வர் உதவி எண் 1100 இருக்கிறது. அதற்கும் அசையவில்லையா, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு: என் மானியக் கோப்பு எந்தத் தேதியிலிருந்து யார் மேசையில் இருக்கிறது? இந்த ஒரு கேள்வி போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

வங்கிக் கணக்கையும் பாருங்கள். ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைந்ததோ அங்கே போய்ப் பணம் விழுந்து கிடக்கலாம். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு செயலிழந்துவிடும். நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

குஞ்சு வந்த பிறகு யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் ஒரு வாரத்தில் கூண்டையே துடைத்துவிடும். பண்ணையில் இதுவரை என்ன தடுப்பூசி போட்டார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எட்டாம் வார ஊசியை மருந்தகத்தில் கட்டாயம் போடுங்கள். பிப்ரவரியில் ஊர் ஊராக இலவச முகாமும் நடத்துவார்கள். குஞ்சை வெயில் ஏறும் முன் வீடு சேருங்கள். குருணையும் கம்பும் சமையல்கட்டுக் கழிவுமே ஓரளவு போதும், ஆனால் கீரைப் பாத்திக்கு முதலில் வேலி போடுங்கள். இரவில் கதவுள்ள கூண்டு வேண்டும். அக்கா முதல் வாரம் கூடையைக் கவிழ்த்து மேலே அம்மிக்கல்லை வைத்தார். கீரிப்பிள்ளை மண்ணைத் தோண்டி உள்ளே போய் ஐந்தைக் கொண்டுபோனது. இப்போது 31 நிற்கின்றன. மானியம் வந்தது நான்காவது மாதத்தில், அதற்குள் முதல் சேவலை விற்றுக் குழுக்கடனில் ஒரு தவணையும் கட்டிவிட்டார்.