41 டிகிரியைவிட 36 டிகிரி கடுமையாகும்போது

எந்த ஊரில் வெயில் அதிகம் என்பதை மாலைச் செய்தியில் வரும் எண்ணை வைத்தே பலரும் தீர்மானிக்கிறார்கள். வேலூரில் 41 டிகிரி, சென்னையில் 36 டிகிரி என்று கேட்டவுடன் கடலோரத்தில் இருப்பவர்கள் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பொது மருத்துவராகக் கோடைதோறும் நான் பார்க்கும் நோயாளிகள் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்துவதில்லை.

கடும் வெயிலில் உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் முதன்மையான வழி வியர்வைதான். ஆனால், வியர்வை சுரந்தால் மட்டும் போதாது, அது தோலின் மீதிருந்து ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு வெளியேறும். சட்டையை நனைத்துச் சொட்டி விழும் வியர்வையால் நீரும் உப்பும் வீணாவதோடு சரி. நீர் ஆவியாவதால் அந்தக் காற்றில் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதைக் காட்டும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியில் அளந்தால், 20 சதவீத ஈரப்பதமுள்ள 41 டிகிரிக் காற்று சுமார் 23 டிகிரியையும், 65 சதவீத ஈரப்பதமுள்ள 36 டிகிரிக் காற்று சுமார் 30 டிகிரியையும் காட்டும். வியர்வையை நம்பியிருக்கும் உடலுக்கு இரண்டாவதுதான் கடினமான சூழல். இந்திய வானிலை ஆய்வு மையமும் வெப்ப அலைக்கான குறைந்தபட்ச வரம்பைச் சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37, மலைப்பகுதிக்கு 30 டிகிரி என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

ஆகவே, ஓர் ஊருக்குப் பொருந்தும் தற்காப்பு இன்னோர் ஊருக்குப் பொருந்தாது. வறண்ட வெயிலில் ஈரத்துணியும் ஏர்கூலரும் நன்றாக உதவும். ஆனால் காற்று 40 டிகிரியைத் தாண்டியபின் வெறும் மின்விசிறி உடலின் மேல் அனலைத்தான் வீசும். புழுக்கமான கடலோரத்திலோ மின்விசிறியும் திறந்த சன்னலும் பயன்தரும், ஏர்கூலர் தராது. சன்னலைச் சாத்திவிட்டு அதை ஓடவிடுபவர்கள் அறைக்குள் புழுக்கத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்றே சொல்வேன்.

குளிர்நாடுகளில் சிக்கல் வேறு விதமானது. 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவாயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அந்த வெப்பத்தால் இறந்த 619 பேரில் ஏறத்தாழ எல்லோரும் கட்டடங்களுக்குள்ளேயே இறந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். குளிருக்காகக் கட்டப்பட்ட வீடுகள் பகலில் உள்வாங்கிய சூட்டை இரவிலும் விடவில்லை, மக்களின் உடலும் அதற்குப் பழகியிருக்கவில்லை.

இந்தப் பழக்கம் வரச் சுமார் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வியர்வை விரைவாகச் சுரக்கத் தொடங்கும், அதில் கரைந்து போகும் உப்பும் குறையும். வெயிலைவிட்டுச் சில வாரம் விலகியிருந்தால் அது மறைந்துவிடும். எனவே வெளிநாட்டிலிருந்து மே மாதத்தில் ஊருக்கு வருபவர்களும் கட்டட வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களும் முதல் சில நாட்களில்தான் மிகுந்த ஆபத்தில் இருக்கிறார்கள். புதியவருக்கு முதல் நாள் வெயிலில் வழக்கமான வேலை நேரத்தின் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, பிறகு படிப்படியாகக் கூட்டுவதே முறை. பெண்கள் வேலை செய்யும் இடங்களில் தண்ணீர்ப் பானையோடு கழிப்பறையும் வேண்டும். அது இல்லாததால் நாள் முழுவதும் நீர் அருந்தாமலே இருந்துவிட்டுச் சிறுநீர்த் தொற்றோடு வருபவர்கள் பலர்.

வெயிலில் நின்றவர் திடீரெனக் குழம்பிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அதை ஹீட் ஸ்ட்ரோக் என்றே கருத வேண்டும். அப்போது உடலின் உள்வெப்பம் பொதுவாக 40 டிகிரியைக் கடந்திருக்கும். தோல் வறண்டிருக்க வேண்டும் என்பதில்லை, உழைப்பவர்களுக்கு வியர்த்துக்கொண்டே இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டி வைக்கலாம். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் நீர் பிரியும் மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள், சளிக்கு வாங்கும் சில பழைய வகை மாத்திரைகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கக்கூடியவை. இவற்றைத் தாமாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. மார்கழியில் எழுதித்தந்த அளவு சித்திரைக்கும் சரிதானா என்பதையும், இதய, சிறுநீரக நோயாளிகள் ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் கோடைக்கு முன்பே தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.