எம்.பி.யிடம் கொடுத்த மனு மக்களவையை எட்ட என்ன கேட்க வேண்டும்

எம்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தவர்கள் பலரும், தங்கள் பிரச்சினை டெல்லியில் பேசப்படும் என்று காத்திருக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் வேறு. மனுவின் மேல் ஒரு பரிந்துரைக் கடிதம் வைக்கப்பட்டு, உங்களை ஏற்கெனவே திருப்பி அனுப்பிய அதே அலுவலகத்துக்கு அது மறுபடி போகிறது. எம்.பி.யின் உதவியாளர் (பி.ஏ.) "மேலே அனுப்பியாச்சு" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் கடிதத்துக்கும் மக்களவைக்கும் சம்பந்தம் இல்லை.

அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினரும், ஆளுங்கட்சியானாலும் எதிர்க்கட்சியானாலும், ஒரு விஷயத்தை அவைக்குக் கொண்டுபோகச் சில வழிகள் உண்டு. சாமானியருக்கு உதவக்கூடியவை மூன்று: அமைச்சரிடம் கேட்கும் கேள்வி, ஒரு கோரிக்கையை அவையில் பதிவு செய்ய உதவும் விதி 377, அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரம். "எங்களுக்காகப் பேசுங்க" என்று பொதுவாகக் கேட்டால் கடிதம்தான் கிடைக்கும். எந்த வழி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பலரும் முதல் அடியிலேயே இடறுவது, விஷயம் மத்திய அரசுடையதா என்பதில். பட்டா, காவல் நிலையம், ஊராட்சிச் சாலை, ரேஷன் அட்டை ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. இவற்றை மக்களவையில் கேட்டால், எம்.பி. முன்கூட்டியே எழுதித் தரும் நோட்டீஸ் அனுமதிக்கப்படாது, இல்லையென்றால் "இது மாநில அரசின் பொறுப்பு" என்று ஒரு வரியில் பதில் வரும். ரயில்வே, அஞ்சலகம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., பாஸ்போர்ட், தேசிய நெடுஞ்சாலை, அரசுடைமை வங்கி என்றால் தயங்காமல் போகலாம். இரண்டுக்கும் நடுவில் சிக்கும் திட்டங்களில்தான் மக்கள் அதிகம் அலைகிறார்கள். விவசாயிகளுக்கான பி.எம். கிசான் தவணைப் பணம் மத்திய அரசிடமிருந்து வருகிறது, நில ஆவணத்தைச் சரிபார்ப்பது மாநில அலுவலர்கள். அதனால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். அப்போது "எனக்குப் பணம் வரவில்லை" என்று எழுதாமல், மாவட்டத்தில் எத்தனை பேருக்கு எந்தக் காரணத்தால் தவணை நிறுத்தப்பட்டது என்று மத்திய வேளாண் அமைச்சகத்திடம் கேட்கும்படி எழுதிக் கொடுங்கள்.

மூன்றில் வலுவானது கேள்வி. ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரமில்லாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். ஆனால் கேள்வி நேரம் 11 மணி முதல் 12 மணி வரைதான். பட்டியலின் முன்வரிசையில் உள்ள சில கேள்விகளோடு நேரம் முடிந்துவிடும், மற்றவற்றுக்கு எழுத்தில்தான் பதில் வரும். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் வாய்மொழி பதிலே இருக்காது, எழுத்துப் பதில்கள் மட்டும் வைக்கப்படும். ஆகவே நட்சத்திரம் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். உங்களுக்குத் தேவை அமைச்சகத்தின் எழுத்துப் பதில். நாளை நீதிமன்றத்திலோ அலுவலக மேசையிலோ நீட்ட முடிவது அதைத்தான்.

கேள்விக்கு 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும். எந்த அமைச்சகத்துக்கு எந்த நாள் என்று அட்டவணையும் உண்டு. கூட்டத்தொடர் தொடங்கி, டிவியில் பார்த்துவிட்டு ஓடினால், உங்கள் அமைச்சகத்தின் நாட்களில் பாதி கைநழுவியிருக்கும். பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று மூன்று தொடர்கள் வழக்கம். தேதி அறிவிப்பு செய்தியில் வந்த வாரமே எம்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு 5 நோட்டீஸ்தான் தரலாம், அதிலும் குலுக்கல் உண்டு. முதல் முறை வரவில்லை என்றால் அதே அமைச்சகத்தின் அடுத்த நாளுக்கு மறுபடி தரச் சொல்லுங்கள்.

கேள்வியை நீங்களே எழுதிக் கொடுத்தால் வேலை பாதி முடிந்தது. 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். பி.எஃப். ஓய்வூதியம் இழுத்தடிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். "அதிகாரிகள் ஏன் ஏழைகளை அலைக்கழிக்கிறார்கள்?" என்று எழுதினால் நிற்காது. குற்றச்சாட்டு, வாதம், கருத்துக் கேட்பது, தனி மனிதர் மீதான புகார் எதுவும் கேள்வியில் இருக்கக் கூடாது. இப்படி எழுதலாம்:

(அ) கடந்த மூன்று ஆண்டுகளில் இன்ன வட்டார அலுவலகத்தில் வந்த, தீர்க்கப்பட்ட, நிராகரிக்கப்பட்ட ஓய்வூதிய விண்ணப்பங்கள் ஆண்டுவாரியாக எத்தனை. (ஆ) பெயர், பிறந்த தேதி வேறுபாட்டால் நிராகரிக்கப்பட்டவை எத்தனை. (இ) 20 நாள் கெடுவைத் தாண்டி நிலுவையில் உள்ளவை எத்தனை. (ஈ) அவற்றை முடிக்க எடுத்த நடவடிக்கை என்ன?

உங்கள் பெயர் இதில் எங்குமே இல்லை. ஆனால் உங்கள் கோப்பு அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது, அதைத் தேடி எடுத்துக் கணக்குச் சொல்லும்படி வட்டார அலுவலகத்துக்கு டெல்லியிலிருந்து கடிதம் வரும்.

பதிலில் "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். இத்தகைய சொற்கள் அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படலாம். எடுத்தால் 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்று தனிக் குழுவே உண்டு. மூன்று மாதம் கழித்து அது என்ன ஆயிற்று என்று விசாரிக்கும்படி எம்.பி.யிடம் எழுதிக் கொடுங்கள். கேட்க ஆளில்லாவிட்டால் அது அப்படியே தூங்கும்.

எண்ணிக்கை வேண்டாம், ஒரு கோரிக்கை பதிவாக வேண்டும் என்றால் விதி 377. முன்பு ஊரில் நின்ற ரயில் மறுபடி நின்று செல்ல வேண்டும் என்பது போன்றவற்றுக்கு இது பொருந்தும். 250 சொல், ஒரே ஒரு விஷயம், வாதம் கூடாது. ஓர் உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. தேர்வாகாத நோட்டீஸ் அந்த வாரத்தோடு காலாவதியாகும், மறு வாரம் புதிதாகத் தர வேண்டும். இதற்கு ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்று அமைச்சகங்களுக்கு அறிவுறுத்தல் உள்ளது. அந்தப் பதில் எம்.பி.க்குப் போகும், உங்களுக்கு வராது. ஒரு மாதம் முடிந்ததும் நேரில் போய் நகல் கேளுங்கள். தொகுதி அலுவலகத்தில் இல்லை என்றால் டெல்லி அலுவலகத்தில் இருக்கும்.

பூஜ்ய நேரத்தில் எம்.பி. பேசினால் வீடியோ கிடைக்கும். ஆனால் பதில் சொல்ல வேண்டும் என்று அமைச்சரை விதி எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. திடீரென்று வந்த அவசரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் தாக்கல் செய்யும் சட்ட வரைவு, கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சுதந்திரத்துக்குப் பின் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970-ல்.

உங்கள் எம்.பி. மத்திய அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்க முடியாது. பக்கத்துத் தொகுதி எம்.பி.யிடமோ மாநிலங்களவை உறுப்பினரிடமோ போகலாம். தொகுதி வேறு என்று அங்கே திருப்பி அனுப்பினால், உங்கள் விஷயத்தை எழுப்ப எந்த விதியும் அவரைத் தடுக்கவில்லை என்று சொல்லுங்கள். வழக்கு நடக்கும் விஷயமானால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீதிமன்றத்தில் இருப்பதை அவையில் கேட்க முடியாது, பின்னால் தெரிந்தால் நோட்டீஸ் வீணாகும்.

"கேட்டாச்சு" என்று சொன்னால் தேதியும் கேள்வி எண்ணும் கேளுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டுத் தேடினால் கேள்வியும் பதிலும் இலவசமாகக் கிடைக்கும். அங்கே இல்லை என்றால் கேட்கவில்லை என்றே வைத்துக்கொண்டு மறுபடி போங்கள்.

எந்த எம்.பி.யும் கைகொடுக்கவில்லை என்றால் மக்களவையின் மனுக்கள் குழுவுக்கு நீங்களே கோரிக்கை அனுப்பலாம், எம்.பி. கையெழுத்து தேவையில்லை. அவையிலேயே தாக்கல் செய்யும் முறையான மனுவுக்குத்தான் அது வேண்டும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுங்கள். தமிழில் எழுதினால் கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்புங்கள். முழுப் பெயர், முகவரி, கையெழுத்து, முடிவில் என்ன வேண்டும் என்று தெளிவாக ஒரு வரி, இவை அவசியம். கலெக்டருக்கு எழுதிய கடிதத்தின் நகலை அப்படியே அனுப்பினால் எடுபடாது, மக்களவைக்கு என்றே தனியாக எழுத வேண்டும்.