லாக்கைத் திறக்க உங்கள் நினைவை நம்பாதீர்கள்

ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைத்தான் த்ரெட் என்கிறோம். இரண்டு த்ரெட்கள் ஒரே எண்ணோடு ஆளுக்கு ஒன்று கூட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் அது ஒரே வேலை இல்லை. மெமரியிலிருந்து படிப்பது, கூட்டுவது, திரும்ப எழுதுவது என்று மூன்று. இரண்டும் 41ஐப் படித்துவிட்டால் இரண்டுமே 42 என்றுதான் எழுதும், 43 வரவே வராது. இதைத் தடுக்கத்தான் மியூட்டெக்ஸ் என்ற லாக்: ஒரு த்ரெட் பூட்டிக்கொண்டு உள்ளே போனால் மற்றது காத்திருக்கும்.

பூட்டுவதை யாரும் மறப்பதில்லை, திறப்பதில்தான் சிக்கல். ஃபங்ஷனின் ஆரம்பத்தில் லாக், கடைசியில் அன்லாக் என்று எழுதும் அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பிறகு வேறொருவர் பாதியிலேயே வெளியேற நடுவில் ஒரு ரிட்டர்ன் போடுவார், இல்லை உள்ளே கூப்பிட்ட ஏதோ ஒன்று எக்ஸெப்ஷன் (வேலையை நடுவில் முறிக்கும் பிழை) வீசும், அன்லாக் வரி ஓடாது. அப்புறம் அந்த லாக்கைத் தேடி வருகிற த்ரெட் எல்லாம் அங்கேயே நிற்கும். பிழைச் செய்தியும் கிடையாது, புரோகிராம் நகரவும் நகராது.

அதனால் திறக்கும் பொறுப்பை மொழியிடமே கொடுத்துவிட வேண்டும். சி++ல் லாக்_கார்ட் உருவாகும்போது பூட்டும், பிளாக்கை விட்டு எந்த வழியில் வெளியேறினாலும் திறந்துவிடும். கோ மொழியில் டிஃபர் என்று எழுதிவைத்தால், ஃபங்ஷன் முடியும்போது அன்லாக் தானே ஓடும். ஜாவாவின் சிங்க்ரனைஸ்ட் பிளாக் முடிந்ததும் தானே திறந்துகொள்ளும், ரீஎன்ட்ரன்ட்லாக் என்ற தனி லாக் என்றால் ஃபைனலியில் (என்ன நடந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) நாம்தான் திறக்க வேண்டும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சி++ல் லாக்_கார்ட் போன்ற யுனிக்_லாக்குக்குப் பெயர் வைக்காமல், அடைப்புக்குறிக்குள் மியூட்டெக்ஸின் பெயரை மட்டும் போட்டு எழுதினால், கம்பைலர் அதை அதே பெயரில் ஒரு புது லோக்கல் வேரியபிள் என்று எடுத்துக்கொள்ளும். கம்பைல் ஆகும், ஓடும், எதையும் பூட்டாது! ரஸ்ட் மொழியில், லாக்கைப் பிடித்து வைத்திருக்கும் கார்டைப் பெயருக்குப் பதில் வெறும் அடிக்கோட்டுக்கு (_) கொடுத்தால் அதே வரியிலேயே லாக் திறந்துவிடும். ஒழுங்காக ஒரு பெயர் வையுங்கள்.

லாக் தானாகத் திறந்தது என்பதால் உள்ளே இருந்த டேட்டா நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பாதி மாற்றத்தில் எக்ஸெப்ஷன் வந்திருந்தால் அடுத்த த்ரெட்டுக்கு அரைகுறை டேட்டாதான் கிடைக்கும். ரஸ்ட் இதை நேர்மையாகக் கையாள்கிறது: லாக்கைப் பிடித்திருந்த த்ரெட் பேனிக் ஆனால் (பிழையால் நடுவில் முறிந்தால்) அந்த மியூட்டெக்ஸுக்கு 'விஷம் ஏறியது' என்று குறித்து, அடுத்துக் கேட்பவருக்குப் பிழையைத் திருப்பித் தரும்.

சரி, இரண்டு லாக் தேவைப்பட்டால்? ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பொருளை நகர்த்த வேண்டும், அவற்றின் லாக்குகள் 'அ', 'ஆ' என்று வையுங்கள். முதல் த்ரெட் 'அ'வைப் பூட்டிவிட்டு 'ஆ'வைக் கேட்கிறது, இரண்டாவது 'ஆ'வைப் பிடித்துக்கொண்டு 'அ'வைக் கேட்கிறது. இதுதான் டெட்லாக். 1971ல் காஃப்மன் குழுவினர் இது நடக்க நான்கு நிபந்தனைகள் ஒருசேர இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவற்றில் நம்மால் எளிதாக உடைக்க முடிவது வட்டமாகக் காத்திருப்பது ஒன்றைத்தான். எல்லோரும் எப்போதும் 'அ'வை முதலில், 'ஆ'வைப் பிறகு என்று ஒரே வரிசையில் பூட்டினால் வட்டம் உருவாகாது. வரிசை வைத்துக்கொள்ள முடியாத இடத்தில் சி++17ன் ஸ்கோப்ட்_லாக்கிடம் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிடலாம், டெட்லாக் வராமல் அதுவே பார்த்துக்கொள்ளும்.

நான் அதிகம் பயப்படுவது என்னவோ கால்பேக்குக்குத்தான், அதாவது நம் கோடு கூப்பிடுவதற்காக அடுத்தவர் கொடுக்கும் ஃபங்ஷனுக்கு. லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அது சுற்றி வந்து நம் லாக்கையே கேட்கலாம்; சாதாரண மியூட்டெக்ஸ் என்றால் பெரும்பாலும் த்ரெட் தனக்காகத் தானே காத்துக்கொண்டு நின்றுவிடும். எந்த வரிசை விதியும் அங்கே உதவாது. தேவையான டேட்டாவை லாக்குக்குள் நகல் எடுத்துக்கொண்டு, லாக்கை விட்டுவிட்டு, அதற்கப்புறம் கூப்பிடுங்கள்.